ஹீட்டர் பக்கமே ஒதுங்கி நிற்கும் மீன்

கேள்வி: 100 லிட்டர் தொட்டியில் எட்டு ஜீப்ரா டானியோ மீன்கள் வளர்க்கிறேன். பத்து நாள் முன்பு அவற்றோடு புதிதாக இன்னும் நான்கை வாங்கி விட்டேன். இரண்டு நாளாகப் பழைய மீன் ஒன்று இரை எடுக்கவில்லை. கூட்டத்தோடு சேராமல் ஹீட்டர் அருகிலேயே நிற்கிறது. உடம்பில் புள்ளி, புண் எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் போடலாமா? ஹீட்டரைக் கூட்டி வைக்கலாமா?

பதில்: இரண்டுமே இன்றைக்கு வேண்டாம். நீங்கள் பார்ப்பதில் பாதி, மீனே தனக்குச் செய்துகொள்ளும் வைத்தியமாக இருக்கலாம்.

காய்ச்சல் வந்தால் நாம் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுப்போம், யாராவது பேசினாலும் எரிச்சல் வரும். மீனுக்கும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. அவை மூளைக்குத் தகவல் சொல்கின்றன: பசி குறைகிறது, ஓட்டம் குறைகிறது. இதற்கு உயிருள்ள கிருமிகூடத் தேவையில்லை. செத்த பாக்டீரியாவை, அல்லது அதன் மேலுறையின் ஒரு துண்டை ஊசியில் செலுத்தினாலே மீனின் நடத்தை மாறிவிடும். ஆகவே இரை எடுக்காமல் இருப்பதற்குக் கிருமி உடம்பை அரித்துவிட்டது என்று அர்த்தமில்லை. எதிர்ப்புச் செல்களைப் பெருக்கச் சத்து நிறையச் செலவாகும். அதற்காக உடம்பு நீச்சலிலும் வளர்ச்சியிலும் சிக்கனம் பிடிக்கிறது.

ஹீட்டர் விஷயம்தான் சுவாரசியம். மீன் பொதுவாகக் குளிர்ரத்தப் பிராணி. உள்ளிருந்தே உடம்பைச் சூடாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. காய்ச்சல் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடிப் போக வேண்டும். 1976-இல் புளூகில், லார்ஜ்மவுத் பாஸ் மீன்களுக்குச் செத்த பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது, அவை வழக்கத்தைவிடச் சுமார் 2.6 டிகிரி கூடுதல் சூடான இடத்துக்கு நகர்ந்தன. 2013-இல் உங்கள் ஜீப்ரா டானியோவையே வைத்து ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் நுழைந்தது போன்ற போலிச் சைகையைக் கொடுத்ததும் அவையும் சூட்டைத் தேடின. அப்படி இடம் மாற வழியிருந்த மீன்களில் எதிர்ப்பு வேலை பலமாக நடந்தது. கெண்டை மீன்களின் ஹெர்பெஸ் வைரஸைப் பற்றிய 2017 ஆய்வு இன்னும் விசித்திரம். 24, 28, 32 டிகிரி அறைகளில் இஷ்டம்போல் போகவிட்டால் நோயுற்ற மீன்கள் 32-க்குப் போய்ப் பிழைத்தன. வைரஸோ, சைட்டோகைனைப் பிடித்து மடக்கும் ஒரு புரதத்தைச் சுரந்து, மீன் அந்த அறைக்குப் போவதையே தாமதப்படுத்தியது!

அப்படியானால் ஹீட்டரைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். மீன் தானே போய் நிற்பதும் நாம் மொத்தத் தொட்டியையும் சூடாக்குவதும் ஒன்றல்ல. சூடு ஏறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் கூடும். காலம்னாரிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குச் சூடு கொண்டாட்டம். எது தாக்கியிருக்கிறது என்று தெரியாமல் கூட்டுவது சூதாட்டம். ஹீட்டர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மீனும் அங்கேயே நிற்கட்டும்.

சரி, வேறொரு சாத்தியமும் உண்டு. ஹீட்டரின் பின்னால் மறைவு கிடைக்கிறது என்பதற்காகவும் சில மீன்கள் ஒதுங்கும். அதனால் முதலில் தண்ணீரில் அம்மோனியாவையும், அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எட்டு மீனுக்குப் பழகிய ஃபில்டர் திடீரென்று பன்னிரண்டைச் சமாளிக்கத் திணறலாம். அப்புறம் செவுள் மூடி 15 நொடியில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி, அருகில் நீந்தும் நல்ல மீனோடு ஒப்பிடுங்கள். மேலே வந்து வாயைப் பிளக்கிறது, செவுள் படபடக்கிறது என்றால் தண்ணீர்க் கோளாறாகவோ செவுள் நோயாகவோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, அதே சூட்டில் மாற்றுங்கள். காற்றுக் குழாய் நன்றாக ஓடட்டும். மிஞ்சிய இரையை எடுத்துவிடுங்கள். ஓரிரு நாள் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகாது.

மீனை வலைபோட்டுத் துரத்தவும் வேண்டாம். அதற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. நமக்கு ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. மீனுக்கு அந்த வேலையில் பெரும்பகுதி, சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச் சிறுநீரகத்தில். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலைச் சுரக்கும் செல்களும் அதே உறுப்பில்தான்! பயம் நீண்டால் கார்ட்டிசால் ஏறியே இருக்கும், எதிர்ப்பு சரியும். பயணம் செய்து வந்த புதிய நான்கும் இதே நிலையில் இருந்திருக்கலாம். வெளியே தெரியாமல் சுமந்துவந்ததைத் தொட்டியில் இறக்கியும் இருக்கலாம். அடுத்த முறை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் வைரஸையும் ஒட்டுண்ணியையும் தொடாது. ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வேண்டுமானால் அடித்துப் போடும். வெள்ளைப் புள்ளி, பஞ்சு போன்ற படலம், செதில் சிலிர்த்த வீக்கம், சிவந்த கோடு, இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ, இரண்டாவது மீனும் ஒதுங்கினாலோ, இன்னும் மூன்று நாளாகியும் தின்னாவிட்டாலோ மீன் மருத்துவரிடம் காட்டி மருந்து கேளுங்கள். அப்போது தனியாக மாற்ற வேண்டியிருந்தால் வலைக்குப் பதில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு, மற்ற மீன்கள் கண்ணில் படும்படி பக்கத்துத் தொட்டியில் விடுங்கள். டானியோ கூட்டமாக வாழும் மீன். சகாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பயம் குறைகிறது.