மாந்தோப்பில் டின் சுட எந்த .22 பிஸ்டல் வாங்கலாம்?

கேள்வி: ஐயா, பேரணாம்பட்டு பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. போன வருடம் டெக்சாஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் ரூகர் என்கிற .22 (அங்குலக் குழல்) பிஸ்டலில் டின் சுடக் கற்றுக்கொடுத்தார். அங்கே முயல், அணில்கூட அதில் அடிக்கிறார்கள். எனக்கும் அதுபோல ஒன்று வேண்டும். தோப்பில் டின் சுடவும், எப்போதாவது முயல், கவுதாரி அடிக்கவும் போதும். பழுதாகாமல் 20 வருடம் உழைக்கிற பிஸ்டல் எது? வேலூரில் ஒருவர் இரண்டரை லட்சத்துக்கு உரிமமும் பிஸ்டலும் சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நம்பாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். மீதியைக் கொடுத்து ஆபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

30 வருடத்துக்கு மேல் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். இப்படி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். தரகர்கள் இரண்டு வழியில் 'முடித்து' தருவார்கள். ஒன்று, வெளிமாநில உரிமம். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரணை நடந்தது. அந்த உரிமப் புத்தகங்களில் முத்திரை அசல், கையெழுத்தும் அசல்தான். ஆனால் அதை வைத்திருப்பவர் அந்த ஊரில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. பேரணாம்பட்டில் குடியிருக்கிற உங்களுக்கு உரிமம் தர வேண்டியவர் வேலூர் மாவட்ட ஆட்சியர். வேறு மாநிலத்து அட்டையைக் காட்டுகிறவன் உங்களைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்று கள்ளப் பிஸ்டல். பீகாரின் முங்கேர் பக்கம் பட்டறையில் செய்து 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று எழுத்துப் பொறித்து அனுப்புவார்கள். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். குழலுக்குப் போட்ட இரும்பு எதுவென்று செய்தவனுக்கே தெரியாது. நீங்கள் 20 வருட உழைப்பு கேட்கிறீர்கள். அதில் இருபதாவது தோட்டாவுக்கே சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, பிளக்கலாம், கையோடு. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தரகர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, வேட்டை. டெக்சாஸில் உங்கள் அக்கா வீட்டுக்காரர் அந்த ஊர்ச் சட்டப்படி செய்கிறார், அது அங்கே. இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முயல், கவுதாரி, காடை எதையும் நீங்கள் சுடக்கூடாது. சொந்தத் தோப்புக்குள் வந்ததாயிருந்தாலும் கூடாது. ஏர்கன்னால் அடித்தாலும், உண்டிவில்லால் அடித்தாலும், கண்ணி வைத்தாலும் வேட்டைதான். குறி தவறினாலும் வேட்டைதான், ஏனென்றால் முயற்சியையும் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், துப்பாக்கியும் வண்டியும் பறிமுதல். 'ஒரே ஒரு கவுதாரிதானே' என்று கேட்டவரை எனக்குத் தெரியும். அந்த ஒரு கவுதாரிக்கு அவர் எத்தனை வாய்தாவுக்கு நடந்தார் என்பதும் தெரியும்.

காட்டுப்பன்றி உங்கள் பக்கத்துக்குப் பெரிய தொல்லை. கௌண்டின்யா சரணாலயக் காடு ஆந்திர எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, யானையே இறங்குகிற இடம். ஆனால் பன்றியைச் சுடுவதும் உங்கள் வேலை இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று தமிழக அரசு முடிவு செய்திருக்கிறது. உங்கள் தோப்பு அதைவிடக் காட்டுக்குக் கிட்டே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். .22 பிஸ்டலால் பன்றியை அடிக்க நினைப்பது சட்டத்தை விடுங்கள், அந்த ஜீவனுக்கும் உங்களுக்கும் செய்யும் கொடுமை. காயம்பட்ட பன்றி ஓடாது, திரும்பி வரும்.

இனி .22. இதை ரிம்ஃபயர் என்பார்கள். தோட்டாவின் அடிப்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறதே, தீமருந்து அந்த விளிம்புக்குள்ளேயே அடைத்திருக்கும். துப்பாக்கியின் ஊசி நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிக்கும். அதனால் தோட்டா மலிவு, உதை குறைவு. அதனாலேயே சில தொல்லைகளும் உண்டு. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடினால் பல பழைய பிஸ்டல்களில் ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் போய் இடிக்கும். அங்கே ஒரு பள்ளம் விழும், அப்புறம் காலித் தோட்டா சிக்கும். என்னிடம் வந்த .22-களில் பாதிக்குமேல் இந்த ஒரு காரணத்துக்காக வந்தவை.

உங்கள் அக்கா வீட்டுக்காரருடைய ரூகர் நல்ல பிஸ்டல். 1949-இல் முதல் ரகம் வந்தது, 2016-இல் மார்க் 4 வந்தது. அதில் குழல் அசையாது. மேல்பகுதி முழுக்கப் பின்னால் ஓடாமல், ஒரு குழாய்க்குள் போல்ட் (தோட்டாவின் பின்பக்கத்தை அடைக்கும் துண்டு) மட்டும் ஓடும். குறி கெடாமல் பல்லாயிரம் தோட்டாக்கள் தாங்குவதற்கு அந்த அமைப்புதான் காரணம். விலை மலிவான சில ரகங்களில் ஓடுகிற மேல்பகுதியை, அதாவது ஸ்லைடை, துத்தநாகக் கலவையில் வார்த்திருப்பார்கள். எஃகுபோல அது உழைக்காது. உழைப்பு வேண்டுமென்றால் எஃகு, அசையாத குழல், தோட்டா அடுக்கும் மேகசினில் வாய் வளையாத தகடு. இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த ரூகரை இங்கே கடையில் வாங்க முடியாது. 1980-களின் நடுவிலிருந்து சாதாரண மக்களுக்குத் துப்பாக்கி இறக்குமதி கிடையாது. பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் வேண்டாம், விமான நிலையத்திலேயே கதை முடிந்துவிடும். இங்கே பெரும்பாலும் கிடைப்பது இரண்டு. அரசு ஆலையின் 'நிடர்' என்ற .22 ரிவால்வர் ஒன்று. 250 கிராம்தான், 8 தோட்டா. சட்டைப் பைக்குச் செய்தது, 15 அடிக்கு அப்பால் டின்னை அடிக்க அது சிரமப்படும். மற்றது, இறக்குமதி நிற்பதற்கு முன் வந்த பழைய கோல்ட், வெப்ளி கம்பெனித் துப்பாக்கிகள். அவை அருமையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்தால் மாற்று இல்லை, ஸ்பிரிங் தளர்ந்தால் நான்தான் கம்பி சுற்ற வேண்டும். விலையோ, ஒரு கார் விலை கேட்பார்கள்.

அதற்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கிச் சுடும் கழக உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு .22 ரைஃபிள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. பிஸ்டல் அந்த வரியில் இல்லை. பிஸ்டல் என்றால் நல்ல காரணம் இருப்பதாக அதிகாரி நம்ப வேண்டும். 'டின் சுட' என்பதை யாரும் நல்ல காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மனு காவல் நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து மேலே போகும், திரும்பி வரும், மறுபடி போகும். விதியில் காலக்கெடு இருக்கிறது, கோப்புக்குத்தான் அது தெரியவில்லை. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது என் வாடிக்கையாளர் ஒருவருடைய புதுப்பித்தல் கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே எத்தனையோ மாதம் காணாமல் போனது. ஒவ்வோர் இடத்திலும் 'அங்கே கேளுங்க' என்ற ஒரே பதில். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்ததை எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைக்க யாருக்கும் தோன்றாது. ஒரு தேர்தல் முடிந்து திரும்பி வந்த இரட்டைக் குழல் ஒன்றை நான் துடைத்தபோது உள்ளே அம்மைத் தழும்புபோல் துரு. உரியவர் சட்டப்படி நடந்ததற்குக் கிடைத்தது அதுதான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஏர் பிஸ்டல். இங்கேதான் ஒரு விலக்கு இருக்கிறது. பலர் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டுகிற இடமும் அதுவே, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

2016 ஆயுத விதிகளின்படி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள இரண்டு நிபந்தனை. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177-க்கு மேல் போகக்கூடாது. வெளியேறும் பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால் விலக்கு இல்லை. கடைக்காரர் 'ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்று பொதுவாகச் சொன்னால் அது பாதி உண்மை. 5.5 மில்லிமீட்டர் ஏர்கன்னுக்கு, அதாவது .22 ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும், அது எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும். உங்கள் மனதில் .22 என்ற எண் பதிந்திருப்பதால் சொல்கிறேன், அந்த எண்ணைப் பார்த்து ஏர்கன் வாங்கிவிடாதீர்கள்.

20 ஜூல் என்றால் என்ன? ஒரு பெல்லட் அரை கிராம், வேகம் நொடிக்கு 280 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் 19.6 ஜூல் வரும். 280 மீட்டர் என்பது ஏறக்குறைய 920 அடி. பெட்டியில் '1000 அடி வேகம்' என்று பெரிதாக அச்சிட்டு விற்கிறார்களே, அதே அரை கிராம் பெல்லட்டுக்கு அது 23 ஜூல். விட்டம் 4.5-ஆக இருந்தாலும் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். விற்றவன் தப்பித்துவிடுவான், நிற்பது நீங்கள். அதனால் பில்லில் விட்டமும் ஜூல் அளவும் எழுதி வாங்குங்கள். அடையாளச் சான்று நகல் கேட்டால் கொடுங்கள், கேட்காத கடையில் வாங்காதீர்கள். ஏர் பிஸ்டலில் இந்தக் கவலை குறைவு. பெரும்பாலும் நொடிக்கு 120 முதல் 150 மீட்டர்தான் போகும், 6 ஜூலைத் தொடாது. டின் அதற்கே நன்றாகத் துள்ளும்.

உழைப்புக்கு ஸ்பிரிங் ரகம் அல்லது ஒரே தடவை கையால் அழுத்திக் காற்று அடைக்கிற ரகம் எடுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுகிற ரகம் நம் வெயிலுக்கு ஒத்துவராது. சித்திரையில் காருக்குள் வைத்தால் அழுத்தம் ஏறி வாஷர் போய்விடும். குழல் எஃகாக, உள்ளே சுழல் வரிப்பள்ளம் வெட்டியதாக இருக்கட்டும். ஈயப் பெல்லட் மட்டும் போடுங்கள். இரும்புக் குண்டு வரியையும் தேய்க்கும், திரும்பி வந்து கண்ணையும் கெடுக்கும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் பிஸ்டலை ஒரு தடவைகூடச் சுடாதீர்கள், பிஸ்டன் போய் முட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் காற்றறைக்குள் விடாதீர்கள், அது உள்ளே தீப்பிடித்து வெடிக்கலாம். தோல் வாஷர் உள்ள பழைய மாடல் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஆம்பூர்த் தோலில் வெட்டிப்போட்ட வாஷர் பல வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கம் முழுக்கப் பாறை. பாறைக்கு எதிராக டின்னை வைக்காதீர்கள். மண் மூட்டையை இரண்டு வரிசை, ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதற்கு முன்னால் வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்கள் வருகிற பக்கம் முதுகாக இருக்கட்டும்.

டின் சலித்துப் போனால் 10 மீட்டரில் இலக்கு அட்டை வையுங்கள். போட்டி அட்டையில் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். அதிலும் கை தேறி .22 ஆசை விடவில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற சுடும் கழகத்தில் சேருங்கள். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் .22 பிஸ்டல் போட்டிதான். கழகத்துத் துப்பாக்கியில், கழக மைதானத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க நீங்களும் அதைச் சுடலாம்.

தரகர் மறுபடி போன் செய்தால் எடுக்காதீர்கள். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் வாங்கவில்லை என்று காட்ட அது உதவும்.