வாசகர் கேள்வி-பதில்: மூவர், ஒருவர், மூன்றாம் நாள்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருமூர்த்தி மலை. அயன், அரி, அரன் மூவரும் ஒன்றாக இருக்கிற இடம் என்பார்கள். கிறிஸ்தவர்கள் சொல்லும் திரித்துவமும் அதுதானே, பேர்தானே வேறு?
- வாசகர், உடுமலை

பதில்: எண் ஒன்றுதான், கணக்கு வேறு. மும்மூர்த்திகளுக்குள் தொழில் பிரிந்திருக்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல். திரித்துவத்தில், அதாவது பிதா (தந்தை), சுதன் (மகன் இயேசு), ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதில், அப்படிப் பிரிக்க முடியாது. படைப்பும் மீட்பும் மூவருக்கும் பொதுவான ஒரே செயல். வேறுபாடு அவர்களுக்குள் உள்ள உறவில் மட்டும்தான். பிதா யாரிடமிருந்தும் வராதவர், சுதன் பிதாவிடமிருந்து பிறப்பவர், ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுபவர். (‘சுதனிடமிருந்தும்’ என்று மேற்கத்திய சபைகள் சேர்த்துச் சொல்லும், கிழக்குச் சபைகள் ஏற்காது. அந்தச் சண்டை ஆயிரம் வருடமாக நடக்கிறது.)

ஞாயிறு பள்ளியில் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்று ஓர் உவமை சொல்வார்கள். அது தப்பான உவமை. ஒரே தண்ணீர்தான் நேரத்துக்கு ஒரு வடிவம் எடுக்கிறது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது சுதன் ஆற்றில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் சொன்ன சபேலியுவைச் சபை அப்போதே தள்ளிவிட்டது. வில்வ இலையும் உதவாது. அதன் ஒவ்வோர் இதழும் இலையில் ஒரு பங்குதான். சுதனோ கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்ல, முழுக் கடவுள்.

எந்த உவமை வந்தாலும் ஏழு வரிகளில் உரசிப் பாருங்கள். பிதா கடவுள், சுதன் கடவுள், ஆவியானவர் கடவுள். பிதா சுதன் அல்ல, சுதன் ஆவியானவர் அல்ல, ஆவியானவர் பிதா அல்ல. கடவுள் ஒருவரே. இதில் ஒரு வரி உடைந்தாலும் உவமையைக் கீழே போட்டுவிடலாம். கிட்டத்தட்ட எல்லாமே உடையும்.

கி.பி. 325-இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் உவமை தேடவில்லை, ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சுதன் பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். தச்சர் கட்டில் செய்தால் கட்டில் தச்சர் ஆகாது. காங்கயம் பசு ஈன்றது காங்கயம் கன்றாகத்தான் இருக்கும். அதாவது பிதா எதுவோ சுதனும் அதுவே. ஒரே குறை, பசு முந்தி, கன்று பிந்தி. இங்கே முந்தி பிந்தி கிடையாது. ‘சுதன் இல்லாத காலம் ஒன்று இருந்தது’ என்ற ஆரியுவின் கட்சி அங்கேதான் தோற்றது.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த பேத்திக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. செல்லுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கத்தோலிக்க முறைப்படி செல்லும். உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். விசாரிக்க வேண்டியவை இரண்டு. தண்ணீர் தலையில் வழிந்ததா? ஈர விரலால் நெற்றியைத் தொட்டது மட்டும் என்றால் சந்தேகம்தான். இன்னொன்று, சொன்ன வார்த்தை. “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” ‘பெயர்களாலே’ அல்ல, மூவருக்கும் பெயர் ஒருமையில்தான் வரும். ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள்’ என்று சொன்னால் செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. பிதா, சுதன் என்பதற்குப் பதில் ‘படைத்தவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்’ என்று சொன்னதும் செல்லாது என்று 2008-இல் சொல்லிவிட்டார்கள். அது ஆள்களைச் சொல்லவில்லை, வேலைகளைச் சொல்கிறது. உடுமலை வாசகருக்குச் சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் பங்குத் தந்தையிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். எண்ணெய்ப் பூசுதல், வெள்ளாடை, மெழுகுவர்த்தி ஆகியவற்றைக் கோயிலில் நிறைவு செய்வார்கள். தண்ணீரை மறுபடி ஊற்ற மாட்டார்கள்.

கேள்வி: இயேசு வெள்ளி பிற்பகல் இறந்து ஞாயிறு விடியலில் எழுந்தால் நாற்பது மணி நேரம்கூட ஆகவில்லையே, மூன்றாம் நாள் எப்படி?
- வாசகர், கோபி

பதில்: திங்கட்கிழமை காய்ச்சல் வந்த குழந்தையைப் புதன்கிழமை டாக்டரிடம் காட்டும்போது “இன்னியோட மூணு நாளுங்க” என்கிறோமே, அதே கணக்கு. யூதர்கள் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணினார்கள். நாள் மாறுவது சூரியன் மறையும்போது. வெள்ளி மாலைக்குமுன் ஒன்று, சனி மாலைவரை இரண்டு, அதற்குப்பின் மூன்று.

கேள்வி: அப்பா தன்னை எரிக்கச் சொல்லியிருந்தார். சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைக்கலாமா? எரித்தால் உயிர்த்தெழுதல் கிடையாது என்கிறார் மாமா.
- வாசகி, ஈரோடு

பதில்: மாமா பயப்பட வேண்டாம். மண்ணில் புதைத்த உடலும் மட்கித்தான் போகிறது, சிங்கத்துக்கு இரையான வேதசாட்சிகளும் உண்டு. உயிர்த்தெழுதல் என்பது பழைய உடலைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டுவதல்ல. விதையையும் பயிரையும் பவுல் உவமை சொல்கிறார் (1 கொரிந்தியர் 15). விதைத்தது அழிவுள்ளது, எழுவது அழியாதது, ஆனால் ஆள் அதே ஆள். இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு எழுந்தது வேறு வகை. அவர் பழைய வாழ்வுக்கே திரும்பினார், மறுபடி இறந்தார். மறுபிறவியும் இது அல்ல.

எரியூட்டலைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அனுமதித்தது. ஆனால் கரைப்பது வேறு விஷயம். நீரிலோ நிலத்திலோ காற்றிலோ சாம்பலைக் கலக்கக் கூடாது என்று 2016-இல் வத்திக்கான் தெளிவாக்கியது. இயற்கையோடு கலந்து கரைந்துபோவதாகப் பொருள் தந்துவிடும் என்பதுதான் காரணம். மூடிய கலசத்தில் பெயர் எழுதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யுங்கள், குடும்பக் கல்லறை இருந்தால் அதிலேயே வைக்கலாம். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் உங்கள் ஆயரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், இந்த விதி அவர்களைக் கட்டாது. எதுவானாலும் தகன மேடைக்குப் போவதற்கு முன்பே கலசத்தையும் இடத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் கைக்கு வந்த பிறகு யோசித்தால், உறவுக்காரர்கள் வண்டியைக் கூடுதுறைக்குத் திருப்பிவிடுவார்கள்.