மின்சாரம் இருந்தும் வீட்டு ஏசி இயங்க மறுப்பது ஏன்?

விளக்குகள் எரிகின்றன, ஆனால் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் ஏசியில் அசைவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை ரிமோட்டிலா, இயந்திரத்திலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ரிமோட்டின் முனையைக் கைபேசிக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல கேமராக்களின் திரையில் மங்கலான ஊதாவாக மின்னும். மின்னாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். உட்புறப் பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால், ரிமோட் இல்லாமலே இயக்கும் சிறு பொத்தான் ஒன்று பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில் இருக்கும். அதை அழுத்தியதும் ஏசி ஓடினால், கோளாறு ரிமோட்டிலோ அதன் சிக்னலை வாங்கும் பகுதியிலோதான்.

அப்போதும் ஓடவில்லையெனில், ஏசிக்கென உள்ள எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகி, அதாவது கீழே விழுந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ஒரே ஒரு முறை மட்டும் மேலே தள்ளலாம். மீண்டும் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு, கம்ப்ரசர் இறுகிப்போதல் போன்ற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது தீ விபத்தில் முடியக்கூடும் என்பதால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஸ்டெபிலைசர் இருந்தால் சற்றுப் பொறுத்திருங்கள். மின்சாரம் திரும்பியதும் கம்ப்ரசரைக் காப்பதற்காக அது சுமார் 3 நிமிடம் வரை இணைப்பைத் தாமதப்படுத்துவதுண்டு. பலரும் இதையே பழுதென்று எண்ணிவிடுகிறார்கள். வோல்டேஜ் மிகவும் தாழ்ந்திருந்தாலும் அது இணைப்பைத் துண்டித்து வைக்கும்.

மின்சாரம் ஏசி வரை வந்தும் உட்பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லையென்றால், சர்க்யூட் போர்டிலுள்ள ஃபியூஸ் போயிருக்கலாம். அதைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும்.