53, 102, 140: எந்தக் கணக்கை நம்புவது?

வாசகர் கேள்வி: குழித்துறையில் வசிக்கிறேன். வயது 23, எடை 64 கிலோ. ஓராண்டாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் 140 கிராம் புரதம் வேண்டும் என்கிறார் எங்கள் மாஸ்டர். அப்பாவின் சர்க்கரை நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டயட்டீஷியனிடம் கேட்டேன். 53 போதும் என்றார். ஒரு மலையாள வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்த்தால் 102 வருகிறது. களியக்காவிளை தாண்டி ஒரு கடையில் புரதப் பவுடர் வாங்கினேன், இன்னும் பிரிக்கவில்லை. யாரை நம்புவது, எங்கே படிப்பது? தெளிவாகச் சொல்லுங்கள், அம்மா.

தம்பி, மூன்று பேரில் யாரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. மூன்று எண்ணுக்கும் பிறந்த இடம் உண்டு. அதைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டால், நம்பத்தகுந்த ஆள் யார் என்று வாழ்நாள் முழுவதும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஆளை விட்டுவிடுங்கள், எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள்.

53-லிருந்து தொடங்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்று இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம் என்று அவர்களே போட்டுக் காட்டுகிறார்கள். உங்கள் 64 கிலோவுக்கு 53. இது ஆரோக்கியமான சராசரி மனிதருக்கான அளவு. பளு தூக்கித் தசை வளர்க்கும் ஆளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இல்லை. அந்த டயட்டீஷியன் தம் கையேட்டில் இருந்ததைச் சரியாகவே சொன்னார். நீங்கள் ஜிம்முக்குப் போவதை அவரிடம் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி.

102 வேறு இடத்திலிருந்து வருகிறது. 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. பளுப் பயிற்சி செய்தவர்களைப் பற்றிய 49 ஆய்வுகள், 1,863 பேர். புரதத்தைக் கூட்டக் கூட்டத் தசை வளர்ச்சி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் அது நிற்கிறது. 64-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 102.

உங்கள் மாஸ்டரின் 140-க்கு இரண்டு பிறப்பிடங்கள். ஒன்று, உடல் எடை ஒரு பவுண்டுக்கு ஒரு கிராம் என்று அமெரிக்க ஜிம்களில் நெடுநாளாகப் புழங்கும் வாய்ப்பாடு. ஒரு கிலோ 2.2 பவுண்டு, எனவே கிலோவுக்கு 2.2 கிராம். இன்னொன்று, அதே 2018 ஆய்வு. அதில் 1.6 என்பது நடு மதிப்பு மட்டுமே. உண்மையான மதிப்பு 1.03-க்கும் 2.20-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று அதை எழுதியவர்களே குறித்திருக்கிறார்கள். மாஸ்டர் பிடித்திருப்பது மேல் விளிம்பை. அது தவறல்ல. ஆனால் அந்த விளிம்புக்குப் போகச் செலவாகும் காசு உங்கள் பையிலிருந்து போகிறது. கடைசி 40 கிராமுக்காகத்தான் பெரும்பாலான பிள்ளைகள் பவுடர் டப்பாவைத் தேடுகிறார்கள்.

எங்கே படிப்பது என்று கேட்டீர்கள். நம் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து, 528 உணவுப் பொருள்களை வாங்கி வந்து, ஆய்வகத்தில் அளந்து தயாரித்தது. இந்த நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும் பிறந்தது நம் குன்னூரில். 1918-இல் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கினார், 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. போன் செயலிகளில் யார் வேண்டுமானாலும் எழுதிப் போட்ட அளவுகள் கலந்திருக்கும். இட்லிக்கு மட்டும் பத்து விதமான எண் காட்டிய செயலியை நானே பார்த்திருக்கிறேன். அட்டவணையில் அந்தக் குழப்பம் கிடையாது.

ஆனால் அட்டவணையைப் படிக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் உள்ள பெரும்பாலான அளவுகள் பச்சைப் பொருளுக்கு உரியவை. போன மாதம் ஒரு பையனுக்குக் காட்டுவதற்காக என் அடுப்படித் தராசில் சிறுபயறு 100 கிராம் நிறுத்து ஊறவைத்தேன். வேகவைத்து இறக்கி மறுபடி நிறுத்தபோது 270 கிராம். புரதம் அதே 22 கிராம்தான், தண்ணீர்தான் ஏறியிருக்கிறது. ஆக, வெந்த பயறு 100 கிராமில் இருப்பது 8 கிராம். அந்தப் பையன் தினமும் ஒரு கிண்ணம் வெந்த பயறு சாப்பிட்டுவிட்டு 22 என்று எழுதி வந்தான். இரண்டு மாதமாக வராத புரதத்தை வந்ததாக எண்ணிக்கொண்டிருந்தான். எதையும் சமைப்பதற்கு முன்னால் நிறுத்துப் பழகுங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் நமக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் பெயர். நமக்குச் சாளை, அந்தப் பக்கம் மத்தி. நமக்கு மரச்சீனி, அவர்களுக்குக் கப்பை. இவை தெரிந்ததுதான், பரவாயில்லை. ஆபத்தானது கடலை. மலையாளத்தில் கடலை என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை. திருநெல்வேலிக்காரர் காதில் கடலை என்றால் நிலக்கடலை. களியக்காவிளையில் வேலைக்கு வந்து தங்கியிருந்த திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர், மலையாள வீடியோ பார்த்து 'தினம் 100 கிராம் கடலை' என்று நான்கு மாதம் நிலக்கடலை தின்றார். கொண்டைக்கடலையில் 100 கிராமுக்குக் கொழுப்பு 5 கிராம் அளவுதான். நிலக்கடலையில் 40 கிராம் அளவுக்கு இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஏன் கூடுகிறது என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். வீடியோ சொன்னதில் பிழையே இல்லை.

இனி உங்கள் 102-ஐ நம் வீட்டுச் சாப்பாட்டில் வைத்துப் பார்ப்போம். காலையில் 100 கிராம் அரிசி மாவில் புட்டு, 50 கிராம் சிறுபயறு, இரண்டு முட்டை: 8, 11, 12 என்று 31 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, முள்ளும் தலையும் போக 150 கிராம் சாளை: 12, 27 என்று 39. சாயங்காலம் ஒரு கைப்பிடி நிலக்கடலை, 40 கிராம் இருக்கும், கால் லிட்டர் பால்: 17. இரவு 100 கிராம் கோதுமை மாவில் சப்பாத்தி, 50 கிராம் கொண்டைக்கடலையில் கறி: 19. கூட்டினால் 106. எல்லாம் சுமாரான எண்கள். மீன் பருவத்துக்குப் பருவம் மாறும், முட்டை சிறியதும் பெரியதுமாக வரும். ஆனாலும் டப்பாவைத் திறக்காமலே உங்கள் கணக்கு நிறைந்துவிட்டது. சோற்றுக்குப் பதில் மரச்சீனி தின்னும் நாளில் மட்டும் கவனம் வேண்டும். அதில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான் தேறும்; அன்றைக்கு மீனைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கிவிட்ட டப்பாவை என்ன செய்வது? அதன் மேல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் இந்திய உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, டப்பாவில் உள்ள நிறுவனப் பெயரே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். வந்தால்? நிறுவனம் உரிமம் பெற்றது என்பது மட்டும் தெரியும். உள்ளே இருப்பது லேபிளில் எழுதியதுதான் என்று அந்த எண் உறுதி சொல்லவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் 14 இலக்கத்தைச் சோதனைச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

எச்சரிக்கை வீணாகச் சொல்லவில்லை. 2024-இல் கேரளத்து மருத்துவர் ஒருவர் தலைமையிலான குழு, யாரிடமும் பணம் வாங்காமல், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களை ஆய்வகத்தில் சோதித்து முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டது. பத்தில் ஏழில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு இருந்தது.

லேபிள் எப்படிப் பொய்யாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புரதத்தை ஆய்வகங்கள் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 1883-இல் ஜெல்டால் என்ற வேதியியலாளர் கண்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தப் பெருக்கல். ஆனால் நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. ஜிம் பிள்ளைகள் சப்ளிமென்டாகச் சாப்பிடும் கிரியாட்டின் என்ற பொருளில் நைட்ரஜன் 32 சதவீதம். ஒரு கிராம் கிரியாட்டினைக் கலந்தால் கருவி அதை 2 கிராம் புரதமாகக் காட்டும். விலை மலிவான கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் கலந்தாலும் இதே கதை. டப்பாவின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிக எடை உள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதியிருப்பார்கள். புரதப் பவுடர் என்ற பெயரில் கிளைசின், டாரின், கிரியாட்டின் எல்லாம் அந்தப் பட்டியலில் தலைகாட்டினால், முன்புறம் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம்.

கிரியாட்டினைத் தனியாக வாங்கிச் சாப்பிடுவது வேறு விஷயம். நாளுக்கு 3 முதல் 5 கிராம், ஆரோக்கியமானவர்களுக்கு நன்றாக ஆராயப்பட்ட பொருள்தான். ஆனால் அதைச் சாப்பிடுபவர் இரத்தப் பரிசோதனைக்குப் போனால், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் என்ற வேறொரு பொருளின் அளவு சற்றே கூடிக் காட்டலாம். சிறுநீரகம் போய்விட்டது என்று அழுதுகொண்டே ஒரு தாய் மகனைக் கூட்டி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் இரண்டு இரவு தூங்காமல் கிடந்திருக்காது. குடும்பத்தில் சிறுநீரக நோய் இருந்தாலோ, அப்பாவைப்போல் உங்களுக்கும் சர்க்கரை இருந்தாலோ, கிரியாட்டினோ அதிகப் புரதமோ எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மேலும் படிக்க விரும்பினால், அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் உடற்பயிற்சிக்கான சப்ளிமென்ட்களைப் பற்றி ஒவ்வொன்றாக இலவசமாக எழுதி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் எல்லாவற்றையும் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறது; ஏ என்றால் ஆதாரம் வலுவானது, டி என்றால் விளையாட்டில் தடை செய்யப்பட்டது அல்லது தடைப் பொருள் கலந்திருக்கும் ஆபத்து அதிகம் உள்ளது. இரண்டும் ஆங்கிலம்தான். போனில் மொழிபெயர்த்துப் படிக்கலாம். ஆனால் கிராம், மில்லிகிராம் அளவுகளை மட்டும் மூலப் பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள். மாநில அளவில் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத் தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே ஒருவரை விடுவித்துவிடாது.

நம்பத்தகுந்த இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசும்போது குழம்பாதீர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்கிறது. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கமோ 2017 அறிக்கையில், பயிற்சி செய்பவருக்கு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் என்று சொல்லி, பவுடரும் வசதியான வழி என்கிறது. முன்னது நாடு முழுவதையும் பார்த்துப் பேசுகிறது, பின்னது பயிற்சி செய்பவரைப் பார்த்து. அறிக்கைகளின் கடைசியில் எழுதியவர்களின் பணத் தொடர்புகளை அறிவிக்கும் பகுதி ஒன்று இருக்கும். அந்தச் சங்கத்தின் அறிக்கையில் சிலர் சப்ளிமென்ட் நிறுவனங்களிடம் நிதி பெற்றதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதற்காக அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பவுடரைப் பற்றிய சிபாரிசை மட்டும் யோசித்து எடுங்கள்.

வீடியோக்காரர்களிடமும் இதையே எதிர்பாருங்கள். உடல்நலம் பற்றிப் பேசுபவர்கள் தங்கள் படிப்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டிலேயே இந்தியாவில் விதிமுறை வந்துவிட்டது. படிப்பைச் சொல்லாமல் தள்ளுபடிக் குறியீட்டை மட்டும் சொல்பவரை விட்டு நகருங்கள். ஆய்வு என்று ஒன்றைக் காட்டினால், எத்தனை பேர், எத்தனை வாரம், அவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களா என்று பாருங்கள். முதல் சில மாதம் பளு தூக்குபவருக்கு எதைச் சாப்பிட்டாலும் தசை வளரும். அந்தப் பெருமை பெரும்பாலும் டப்பாவுக்குப் போய்விடுகிறது.

மாஸ்டரோடு சண்டை வேண்டாம். தூக்கும் முறையில் அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். டயட்டீஷியனிடம் மறுபடி போவதானால், பயிற்சி செய்வதை முதலிலேயே சொல்லுங்கள். ஊட்டச்சத்துப் பட்டம் பெற்றவரா, இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வு எழுதியவரா என்று மரியாதையோடு கேட்கலாம். நல்ல டயட்டீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வாரத்தில் மூன்று நாள், ஒன்று ஞாயிறாக இருக்கட்டும், சாப்பிட்டது அனைத்தையும் சமைப்பதற்கு முந்தைய எடையோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். மீன் என்று மட்டும் எழுதாமல் எந்த மீன், எத்தனை துண்டு என்று எழுதுங்கள். கடலை என்றால் எந்தக் கடலை என்றும்.