மரியா காலஸின் குரல் ஏன் தளர்ந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக, ஓபரா என்னும் மேலைநாட்டு இசை நாடகங்களில் பாடிய மரியா காலஸைக் கேட்டு வருகிறேன். உடல் மெலிந்ததால்தான் நாற்பது வயதுக்குள் அவர் குரல் போயிற்று என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு அதில் உடன்பாடில்லை. 1953, 54இல் அவர் எடை ஏறத்தாழ 36 கிலோ குறைந்தது உண்மை. ஆனால் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஜூலினி வாத்தியக் குழுவை நடத்திய ‘லா டிராவியாட்டா’, பெர்லினில் கராயன் நடத்திய ‘லூசியா’ ஆகிய ஓபராக்கள் இரண்டுமே 1955இல் பாடியவை; அவருடைய உச்சங்கள். மறுபக்கம், மெலிவதற்கு முன், 1952இல் பதிவான ‘லா ஜியோகோண்டா’விலேயே மேல் ஸ்தாயியில் நீட்டிப் பிடிக்கும் சில சுரங்கள் ஆடுகின்றன.

பழகிய ஓபராக் குரலில் நீண்ட சுரம் நொடிக்கு 5 முதல் 7 முறை வரை சீராக அதிரும். அது நம் காதில் அசைவாக விழாது, நாதத்தின் செழுமையாகவே கேட்கும். மூச்சின் அழுத்தத்தைக் குரல்வளைத் தசைகள் தாங்க முடியாமல் போனால் அதிர்வு மந்தமாகும், வீச்சு அகலும். அப்போது சுருதியே ஊசலாடுவதாகத் தோன்றும். காலஸுக்கு நேர்ந்தது இதுதான்.

காரணத்தை அவர் ஏற்ற பாத்திரங்களின் வரிசையில் தேட வேண்டும். 1923இல் பிறந்தவர், ஏதென்ஸில் 18 வயதில் டோஸ்கா, 20 வயதில் ‘ஃபிடெலியோ’வின் லியோனோரா. இத்தாலிக்கு வந்ததும் 24 வயதில் இசோல்டேயும் டூரண்டாட்டும். மைக் இல்லாமல், முழு வாத்தியக் குழுவுக்கு மேலே எழும்ப வேண்டிய பாத்திரங்கள் இவை. பொதுவாகப் பாடகிகள் மோட்சார்ட்டின் இலகுவான பாத்திரங்களில் தொடங்கி, தசைகள் முதிர்ந்த பிறகே, முப்பதுகளில், இந்தப் பக்கம் வருவார்கள். கீழ் ஸ்தாயிக்குரிய கனமான நெஞ்சுக்குரலை மேலே தள்ளிக்கொண்டே போனால் முதலில் அடிவாங்குவது உச்ச சுரங்கள்தான்.

1949 ஜனவரியில் வெனிஸில் அவர் வாக்னரின் ஓபராவில் புரூன்ஹில்டே என்ற கனமான பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தார். பெல்லினியின் ‘இ பூரிதானி’ ஓபராவில் பாடவேண்டிய பாடகி நோயுற, நடத்துநர் செராஃபின் அதையும் இவரிடமே கொடுத்தார். நம் பிருகாக்களைப் போல விரைந்து உதிரும் சுரங்கள் நிறைந்த பாத்திரம் அது. சில நாட்களில் கற்று, அதே மாதம் 19ஆம் தேதி மேடையேறினார். ஏதென்ஸில் அவர் ஆசிரியை எல்விரா தெ ஹிடால்கோ கொடுத்த பயிற்சி இல்லாமல் இது நடந்திருக்காது. கனத்தையும் வேகத்தையும் ஒரே தொண்டையில் கண்டு இத்தாலியே வியந்தது. பெல்லினி, டோனிசெட்டி ஆகிய இசையமைப்பாளர்களின் மறந்துபோன ஓபராக்கள் மேடைக்குத் திரும்பின. அந்த வியப்பும் பின்னாள் தளர்ச்சியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். எடை குறைந்தபோது மூச்சைத் தாங்கும் பலமும் சற்றுக் குறைந்திருக்கலாம், அவ்வளவே.

1965 ஜூலை 5, லண்டனில் பாடிய டோஸ்காதான் கடைசி ஓபரா. நான்கு முறை பாட ஒப்புக்கொண்டிருந்தார், ஒன்றே முடிந்தது.

1949 நவம்பரில் டூரினில் பதிவானவற்றை முதலில் கேளுங்கள்: இசோல்டேயின் இறுதிப் பாடல், ‘நோர்மா’வின் ‘காஸ்தா தீவா’, ‘பூரிதானி’யின் சித்தம் கலங்கும் காட்சி. பிறகு, 1964இல் லண்டனில் படம்பிடித்த ‘டோஸ்கா’வின் இரண்டாம் அங்கத்தைப் பாருங்கள். உச்ச சுரங்கள் கரடுதட்டியிருக்கும். நடு ஸ்தாயியில் ஒவ்வொரு சொல்லையும் அவர் எப்படி எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.