கோலாலம்பூரில் இருந்தபடியே ஊர் மருத்துவ பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றலாமா?

கேள்வி: 2021 ஜனவரியில் சென்னையில் 5 லட்சம் ரூபாய்க்குக் குடும்ப ஃப்ளோட்டர் மருத்துவ பாலிசி (ஒரே தொகையைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்வது) எடுத்தேன். நான், மனைவி, திருச்சியில் இருக்கும் 64 வயது அம்மா மூவரும் அதில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நானும் மனைவியும் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறோம்; இங்கே கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. வரும் ஜனவரி 20-ல் பாலிசி முடிகிறது. பிரீமியம் நிறைய ஏறிவிட்டது. "இதை விட்டுவிடுங்கள், வேறு கம்பெனியில் 10 லட்சத்துக்குப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். ஊருக்குப் போகாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஏஜென்ட் சொல்லும் வழியில் வேண்டாம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எடுப்பது வேறு, இருக்கும் பாலிசியை போர்ட் செய்வது, அதாவது தொடர்ச்சி அறுபடாமல் வேறு கம்பெனிக்கு மாற்றுவது, வேறு. புதிதாக எடுத்தால் அம்மாவின் சர்க்கரை நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கு கிளைம் கிடைக்காத ஆரம்பக் காலம்) மறுபடி முதலிலிருந்து ஓடும்; இன்றைய விதிப்படி அது 36 மாதம் வரை போகலாம். போர்ட் செய்தால் இதுவரை கடந்த காலம் அப்படியே கூட வரும்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், "நோயை மறைத்தீர்கள்" என்று காரணம் சொல்லிக் கம்பெனி கிளைமை மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால்தான் உண்டு. இந்த ஜனவரியோடு உங்களுக்கு அந்த 60 மாதம் நிறைகிறது. ஐந்து வருடம் பிரீமியம் கட்டிச் சம்பாதித்த பாதுகாப்பை, அது கைக்கு வரும் நேரத்தில் தூக்கிப் போடாதீர்கள்.

10 லட்சத்துக்கு உயர்த்தி போர்ட் செய்தாலும், பழைய 5 லட்சத்துக்கும் அதில் சேர்ந்த போனஸுக்கும்தான் இந்தச் சலுகை. கூடுதல் தொகைக்குக் காத்திருப்புக் காலமும் 60 மாதக் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

போர்ட் விண்ணப்பத்தைப் பாலிசி முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து 45 நாள் முன்பு வரை புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது நவம்பர் 21 முதல் டிசம்பர் 6 வரை. அதற்குப் பிறகு வருவதை அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய கம்பெனி உங்கள் விவரங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புதிய கம்பெனி 5 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனாலும் 2021 முதல் வந்த எல்லா பாலிசி ஷெட்யூல்களையும் (பெயர், தொகை, தேதி எல்லாம் உள்ள விவரப் பக்கம்), அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகளையும், கிளைம் ஏதும் இருந்தால் அந்தக் கடிதங்களையும் நீங்களே இணைத்து அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் தாமதமாவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது விண்ணப்பப் படிவத்தில். ஏஜென்ட் பழைய சென்னை முகவரியை எழுதி, வசிக்கும் நாடு இந்தியா என்று போட்டுவிடுவார். ஓ.டி.பி. கொடுத்தால் அது உங்கள் கையெழுத்து. தப்புக்குப் பொறுப்பும் உங்களுடையதே. மலேசியாவில் வசிப்பதையும் அம்மாவின் சர்க்கரை நோயையும் உள்ளபடி எழுதச் சொல்லி, நிரப்பிய படிவத்தைப் பார்த்த பிறகு ஓ.டி.பி. கொடுங்கள். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வையுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டால் அம்மா திருச்சியிலேயே செய்துகொள்ளலாம். உங்கள் இருவருக்கும் இங்கே எடுக்கும் ரிப்போர்ட்டை ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளோட்டரில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அதனால் அம்மாவுக்குத் தனி பாலிசியாகவும் உங்கள் இருவருக்கும் இன்னொன்றாகவும் பிரித்து போர்ட் செய்ய விலை கேளுங்கள். என் பார்வையில் உங்களுக்கு அதுவே பொருந்தும். அதற்கு முன் புதுப்பிப்பு நோட்டீஸை ஒருமுறை பாருங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த வேண்டுமானால் கம்பெனிகள் தன்னிடம் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. இரண்டையும் குறிப்பிட்டு, ஏற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று உங்கள் இருவரையும் ஊர் பாலிசியிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். வேலை போனால் அந்தக் காப்பீடும் அன்றோடு போகும். இங்கே அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. ஊர் பாலிசி பொதுவாக இந்தியாவில் செய்யும் சிகிச்சைக்கு மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

புதிய கம்பெனி மறுக்கவும் உரிமை உண்டு. ஆகவே ஏற்பு எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியை ரத்து செய்யவோ ஆட்டோ டெபிட்டை நிறுத்தவோ கூடாது. முடிவு வராமல் ஜனவரி 20 நெருங்கினால் பழையதையே புதுப்பித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மாற்றலாம். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டுதான். அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறுபடாது. ஆனால் கட்டாமல் இருந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடைக்காது. ஏற்பு வந்த பிறகும் பழையதற்குப் பணம் பிடித்துவிட்டார்களா? 7 நாள் நோட்டீஸ் எழுதி ரத்து செய்யுங்கள். அந்தப் புதிய ஆண்டில் கிளைம் இல்லாதவரை மீதி நாட்களுக்கான பணம் திரும்ப வரும்.

புதிய பாலிசி கைக்கு வந்ததும் ஷெட்யூலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே உள்ள முதல் பாலிசி தொடங்கிய தேதியைப் பாருங்கள். 2021 ஜனவரி என்று இருக்க வேண்டும். இந்த ஆண்டுத் தேதி இருந்தால் போர்ட் என்று சொல்லிப் புதிய பாலிசியைக் கொடுத்திருக்கிறார்கள். உடனே திருத்தக் கேட்டு எழுதுங்கள். திருத்த மறுத்தால், பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். பழைய பாலிசியின் சலுகைக் காலம் முடிவதற்குள் அதற்குப் பணம் கட்டிவிட வேண்டும். கம்பெனிக்குக் கொடுத்த புகாருக்கு ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.