கார் மறைந்து தோன்றுவது இணைய வேகத்தால் அல்ல

ஆன்லைன் கார் பந்தய விளையாட்டில் உங்கள் கார் மற்றவர்கள் திரையில் மறைந்து மறைந்து தோன்றுகிறதென்றால், 100 எம்பிபிஎஸ் இணையத் திட்டத்தை 300 ஆக்குவதில் பயனில்லை. வைஃபையை அணைத்துவிட்டு ஈதர்நெட் கேபிளில் ஓட்டுங்கள்.

பந்தயத்துக்குத் தேவையான தரவு சொற்பம். அது சீராகப் போய்ச் சேர வேண்டும். வைஃபையில் பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) தொலையும்போது உங்கள் கார் எங்கே இருக்கும் என்று எதிராளியின் கணினி ஊகித்து வரைகிறது. ஊகம் பிசகினால் தொடாமலேயே மோதல் பதிவாகும். பழி என்னவோ உங்கள் தலையில்தான்!

முதலில் வைஃபையிலேயே ரூட்டருக்குச் சில நிமிடங்கள் தொடர்ந்து பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். 2, 3 மில்லி விநாடியில் இருப்பது திடீரென 100க்கு எகிறினால் காரணம் அகப்பட்டுவிட்டது.

ரூட்டர் வரை சீராக இருந்தும் கார் துள்ளினால் கேபிள் உதவாது. பந்தய நேரத்தில் வீட்டில் வேறு யாரும் காணொளி பதிவேற்றுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இணையச் சேவை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.